வெளிநாட்டுப் புள்ளைங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்கறது: அங்க என்ன ரூல், இங்க நம்ம சேலத்துல என்ன நடக்குது?

கன்னங்குறிச்சிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. என் தங்கச்சி மாப்பிள்ளை லெஸ்டர்ல ஐடி வேலையில இருக்காரு, ஸ்கில்டு வொர்க்கர் விசா. அவங்க புள்ளைங்க ரெண்டும் அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல தான் படிக்குதுங்க, ஃபீஸே கிடையாது. இப்ப தங்கச்சி என்ன சொல்லுதுன்னா உன் பையன் ஒம்பதாவது தானே போறான், இங்க அனுப்பிடு, எங்க வீட்டுலயே தங்கி அதே ஸ்கூல்ல படிக்கட்டும்னு. அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு ஏஜென்ட் இருக்காரு, அவர்கிட்ட கேட்டா முதல்ல விசிட் விசாவுல போயிருங்க, ஸ்கூல்ல சேத்துட்டா அப்பறம் மாத்திக்கலாம்னு சொல்லி அட்வான்ஸ் கேக்கறாரு. வீட்டுல நகைய வெச்சு பணம் ரெடி பண்ணிட்டோம், ஆனா மனசுக்கு ஒப்பல. இது நடக்கற காரியமா?

லெஸ்டர் சேலத்தான்:
அண்ணா அந்த ஆளுக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க, நகைய மொதல்ல மீட்டு வீட்டுக்கு கொண்டாங்க. நான் இங்க பல வருஷமா இருக்கேன், இந்த கேள்வியோட வர்ற சொந்தக்காரங்க நெறய பேரு.

இங்கிலாந்துல ரூல் இதுதான். படிக்கறதுக்குன்னே தனியா வர்ற 4 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள புள்ளைக்கு சைல்ட் ஸ்டூடண்ட் விசான்னு ஒண்ணு இருக்கு, 2020 அக்டோபர்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி டயர் 4 சைல்ட்னு பேரு. அந்த விசாவுல ஃபீஸ் வாங்கற தனியார் ஸ்கூல்ல மட்டும் தான் படிக்கலாம். கவர்மெண்ட் காசுல நடக்கற ஸ்கூல் இந்த விசாவுக்கு ஸ்பான்சரே பண்ண முடியாது. தனியார் ஸ்கூல் ஃபீஸ் ஏற்கனவே நம்மளால நெனச்சுப் பாக்க முடியாத தொகை, இதுல 2025 ஜனவரி 1-ல இருந்து அதுக்கு மேல 20 சதவீதம் வாட் வரி வேற.

உங்க தங்கச்சி புள்ளைங்க எப்படி படிக்குதுன்னா அதுங்க அப்பா விசாவோட டிபெண்டன்ட். அப்பாவோ அம்மாவோ இங்க வேலைக்கு வந்திருந்தா கூட வந்த புள்ளைக்கு ஸ்டேட் ஸ்கூல், அதாவது கவர்மெண்ட் ஸ்கூல், ஃப்ரீ. மாமா வீடு அத்தை வீடுன்னு வந்தா அந்த கணக்குல சேராது. விசிட் விசா சுத்தமா ஆகாது, மாட்டுனா பையனோட பேருல ரெக்கார்டு ஆயி நாளைக்கு அவன் காலேஜுக்கு வர்றதுக்கே வம்பு.

இதுலயும் இப்ப இறுக்கிட்டாங்க. 2024 ஜனவரியில இருந்து மாஸ்டர்ஸ் படிக்க வர்றவங்க புருஷன் பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டு வர முடியாது, ரிசர்ச் படிப்பு மாதிரி சிலதுக்கு மட்டும் தான் விட்டு வெச்சிருக்காங்க. அதே வருஷம் மார்ச் 11-ல இருந்து வயசானவங்களயும் முடியாதவங்களயும் பாத்துக்கற கேர் வொர்க்கருக்கும் நிறுத்திட்டாங்க. நம்ம ஊரு நர்ஸ் புள்ளைங்க கேர் ஹோம் வேலைக்கு வந்து, கைக்குழந்தைய ஆத்தூர்லயும் ராசிபுரத்துலயும் பாட்டிகிட்ட விட்டுட்டு வீடியோ கால்ல பாத்துகிட்டு இருக்கு. பாக்கவே கஷ்டமா இருக்குங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். புள்ளை இங்க வந்து சேந்துட்டா ஸ்கூல்காரங்க விசாவ பாக்க மாட்டாங்க. நாட்டையோ விசாவையோ காரணம் காட்டி ஸ்டேட் ஸ்கூல்ல எடம் மறுக்கக் கூடாதுன்னு கவர்மெண்டே எழுதி வெச்சிருக்கு, விசா ரூலை மீறாம பாத்துக்கறது பெத்தவங்க பொறுப்பு. 2016-ல ஸ்கூல் சென்சஸ்ல புள்ளைங்க எந்த நாடு, எங்க பொறந்தாங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. வாத்தியாருங்களும் பெத்தவங்களும் இது இமிகிரேஷன் ஆபீஸ் வேலை, எங்க வேலை இல்லைன்னு கடுமையா எதுத்தாங்க, 2018-ல அந்த கேள்வியவே எடுத்துட்டாங்க.

கன்னங்குறிச்சிக்காரன்:
ரொம்ப நன்றிங்க தம்பி. வயித்துல பால வாத்தீங்க. ஏஜென்ட் கிட்ட இன்னிக்கே வேண்டாம்னு சொல்லிடறேன். அமெரிக்காவுலயும் இதே கதை தானா? மச்சான் ஒருத்தரு அங்க இருக்காரு.

அஸ்தம்பட்டி டூ ஃப்ரீமாண்ட்:
அண்ணா இங்கயும் கிட்டத்தட்ட அதே தான், கொஞ்சம் வேற மாதிரி. எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசாவுல பப்ளிக் ஸ்கூலுக்கு, அதாவது கவர்மெண்ட் ஸ்கூலுக்கு, வரலாம், ஆனா 9-ல இருந்து 12-ஆம் கிளாஸ் வரைக்கும் மட்டும், அதுவும் மொத்தமாவே 12 மாசம் தான். அந்த ஒரு வருஷத்துக்கும் ஒரு புள்ளைக்கு அந்த ஊரு ஸ்கூல் என்ன செலவு பண்ணுதோ அந்த முழு தொகையையும் முன்கூட்டியே கட்டிட்டு தான் விசாவுக்கே போகணும். எட்டாவது வரைக்கும் பப்ளிக் ஸ்கூலுக்கு எஃப்-1 கிடையவே கிடையாது. 1996-ல போட்ட சட்டம், அந்த வருஷம் நவம்பர் 30-ல அமலுக்கு வந்தது. எச்-4 மாதிரி டிபெண்டன்ட் விசாவுல அப்பா அம்மாவோட வந்த புள்ளைங்களுக்கு இந்த கட்டுப்பாடு எதுவும் இல்ல, என் ரெண்டு புள்ளைங்களும் பக்கத்து பப்ளிக் ஸ்கூல்ல தான் இருக்கு. மச்சான் வீடுன்னு சொல்லி அனுப்பறது வேலைக்கு ஆகாது.

ஆனா பேப்பரே இல்லாம இருக்கற புள்ளைய இங்க ஸ்கூல் வெளிய தள்ள முடியாது தெரியுமா? டெக்சஸ்ல 1975-ல ஒரு சட்டம் போட்டாங்க, சட்டப்படி வராத புள்ளைங்களுக்கு கவர்மெண்ட் காசு கிடையாதுன்னு. டைலர்ங்கற ஊருல அந்த புள்ளைங்ககிட்ட வருஷத்துக்கு ஆயிரம் டாலர் கேட்டாங்க. அதுங்க அப்பா அம்மா எல்லாம் கூலி வேலை, எங்க போவாங்க ஆயிரம் டாலருக்கு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1982-ல அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு வந்துச்சு, பெத்தவங்க செஞ்சதுக்கு புள்ளைய தண்டிக்கக் கூடாது, ஸ்கூல்ல சேத்துக்கணும்னு. ஒரே ஒரு ஜட்ஜ் அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா கதையே வேற. இன்னிக்கும் அந்த தீர்ப்ப மாத்தணும்னு சில ஸ்டேட்ல பேசிட்டு தான் இருக்காங்க.

ஓமலூர் பஸ்:
ஆஸ்திரேலியாவுல கவர்மெண்ட் ஸ்கூல்லயே வெளிநாட்டுப் புள்ளைய ஃபீஸ் வாங்கிட்டு சேத்துக்கறாங்க, சப்கிளாஸ் 500ங்கற ஸ்டூடண்ட் விசா. நியூசிலாந்தும் அப்படித்தான். பணம் இருக்கறவங்களுக்கு வழி இருக்கு.

சூரமங்கலம்காரன்:
எல்லாத்தையும் படிச்சுப் பாத்தேன். ஒரு விஷயம் புரியுது. ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன் வரிப்பணத்துல நடக்கற பள்ளிக்கூடத்த தன் ஜனங்களுக்குன்னு காபந்து பண்ணி வெச்சிருக்கான். வேலைக்கு வந்து வரி கட்டறவன் புள்ளைக்கு குடுக்கறான், சும்மா வர்றவனுக்கு குடுக்கறதில்ல. அது நியாயம் தான். நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊருல? யாரு வந்தாலும் வா வான்னு ஸ்கூல்ல சேத்து புக்கு, யூனிஃபார்ம், சாப்பாடு, சைக்கிள் எல்லாம் குடுக்கறோம். எங்க ஏரியா ஸ்கூல்ல ஒரு கிளாஸ்ல ஒக்கார எடம் இல்லாம புள்ளைங்க வராந்தாவுல ஒக்காந்து படிக்குது. மொதல்ல நம்ம புள்ளைக்கு பெஞ்ச் போடுங்க, அப்பறம் ஊருக்கு போடலாம். இத சொன்னா கோவம் வரும், ஆனா சொல்லித்தான் ஆகணும்.

ஏற்காடு டீச்சர்:
சார், பெஞ்ச் பத்தி நீங்க சொல்றது சத்தியம். நானும் மலையில கவர்மெண்ட் ஸ்கூல்ல தான் வேல பாக்கறேன், மழை காலத்துல என்ன பாடுன்னு எனக்குத் தெரியும். ஆனா "யாரு வந்தாலும் சேத்துக்கறோம்"னு சொன்னீங்க பாருங்க, அது எட்டாவது வரைக்கும் தான் சார். அதுக்கு மேல என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன், கொஞ்சம் பெருசாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எங்க மேல எஸ்டேட் பங்களா வாட்ச்மேன், லேக் பக்கம் மோமோ கடை, ஹோட்டல் கிச்சன் இங்கெல்லாம் நேபாளத்துல இருந்து வந்த குடும்பங்க நெறய இருக்கு. 1950-ல நேபாளத்தோட போட்ட ஒப்பந்தப்படி அவங்க இங்க வந்து தங்கலாம், வேலை பாக்கலாம், விசா எதுவும் வேண்டாம். சின்னப் புள்ளைங்களா வந்தா பிரச்சினை இல்ல, ஒண்ணாவதுல சேத்துடுவோம், ரெண்டு வருஷத்துல நம்ம புள்ளைய விட நல்லா தமிழ் பேசும்.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. 14 முடிஞ்சு 15 நடக்குது. அப்பா ஒரு பங்களாவுல வாட்ச்மேன். ஊருல எட்டாவது முடிச்ச மார்க் ஷீட்டு, பொறப்பு சான்றிதழ் ரெண்டையும் பாலித்தீன் கவருல போட்டு பத்திரமா கொண்டாந்திருந்தாங்க, எல்லாம் நேபாளி எழுத்துல. மொதல்ல வேற ஒரு ஸ்கூலுக்கு போயிருக்காங்க. அங்க "ஒம்பதாவதுக்கு நாங்களா சேக்க முடியாது, வெளிநாடுன்னா மேல எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. அந்த அப்பா லீவு போட்டு, பொண்ண கூட்டிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலம் போயிருக்காரு. ஒரு ஆபீஸ்ல போயி நின்னா இது எங்க சப்ஜெக்ட் இல்ல போலீஸ்ல கேளுங்கங்கறாங்க, அங்க போனா நேபாளத்துக்கு நாங்க எதுக்கு எழுதிக் குடுக்கணும் ஸ்கூல்ல போயி கேளுங்கங்கறாங்க. அந்தப் பொண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல வீட்டுலயே இருந்திருக்கு, அம்மாகூட பங்களா பாத்திரம் கழுவிட்டு.

அவங்க யாரும் கெட்டவங்க இல்ல சார். எழுத்துல ஒண்ணும் இல்லாததால ஒவ்வொருத்தரும் பயந்துட்டு அடுத்த ஆளு பக்கம் தள்ளி விடறாங்க. நாளைக்கு ஆடிட்ல கேள்வி வந்தா யாரு பதில் சொல்றதுன்னு ஹெச்.எம். பயப்படறது எனக்கும் புரியுது. எங்க ஹெச்.எம். தைரியமா சேத்துக்கிட்டாரு. ஹெச்.எம்.முக்கு மனசு இருந்தா புள்ளைக்கு படிப்பு, இல்லாட்டி பாத்திரம் கழுவறதுன்னு இருந்தா அது என்ன நியாயம்?

இப்ப அவ என் கிளாஸ்ல இருக்கா. கணக்குல கெட்டி. தமிழ் தான் கண்டம். பேச்சு நல்லா வருது, எழுத்து வரல. நோட்டுல நம்ம க எழுதி அதுக்கு மேல அவங்க எழுத்துல நாலு எழுத்து எழுதி வெச்சிருக்கா, ஏன்னா அவங்களுக்கு அந்த எடத்துல நாலு எழுத்து இருக்கு, நமக்கு ஒண்ணு தான். எந்த வார்த்தையில எப்படி சொல்றதுன்னு ஒவ்வொண்ணா கேட்டு கேட்டு பக்கத்துல குறிச்சிக்கறா. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவது பொதுத்தேர்வுல தமிழ் தாள் கட்டாயம். ஒண்ணாவதுல இருந்து படிச்ச புள்ளைக்கு அது சரி, தமிழ் வேணும்னு தான் நானும் சொல்வேன். ஒம்பதாவதுல வந்து சேர்ற புள்ளைக்கு என்ன ஏற்பாடு? நான் சாயங்காலம் ஒக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறேன். பொதுத்தேர்வு எழுதற புள்ளைங்க பட்டியல், அதான் நாமினல் ரோல், அனுப்பற வரைக்கும் எனக்கு தூக்கம் வராது.

சூரமங்கலம்காரன்:
டீச்சர், நீங்க செய்யறது பெரிய மனசு, நான் மதிக்கறேன். ஒரு புள்ளை ரெண்டு புள்ளைன்னா யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா சட்டம்னு எழுத்துல போட்டுட்டா அப்பறம் கும்பல் கும்பலா வருவாங்க. அதான் எம் பயம்.

கோர்ட் ரோடு:
சட்டம்னு பேச்சு வந்துட்டதால தெரிஞ்சத சொல்றேன்.

டீச்சர் சொன்ன எட்டாவது கணக்கு எங்க இருந்து வருதுன்னா, அரசியல் சட்டத்துல 21ஏ, 2002-ல 86-ஆவது திருத்தத்துல வந்தது. ஆறுல இருந்து 14 வயசு வரைக்கும் "எல்லாக் குழந்தைகளுக்கும்"னு போட்டிருக்கு. குடிமகன்னு போடல. அதுக்கு பின்னாடி வந்த 2009 கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்தது, அதுவும் குழந்தைன்னு தான் சொல்லுது. வயசு சான்றிதழ் இல்லைன்னு சேக்காம விடக்கூடாதுன்னு 14-ஆவது பிரிவு. வயசுக்கேத்த கிளாஸ்ல சேத்து, பின்தங்கி இருந்தா தனிப் பயிற்சி குடுக்கணும்னு 4-ஆவது பிரிவு. நேபாளமோ பர்மாவோ, ஆறு வயசுப் புள்ளைய திருப்பி அனுப்ப எந்த ஸ்கூலுக்கும் அதிகாரம் இல்ல. 2025 பிப்ரவரியில ரோஹிங்கியா புள்ளைங்க விஷயத்துலயும் சுப்ரீம் கோர்ட் மொதல்ல கவர்மெண்ட் ஸ்கூலுக்கு போங்க, சேக்கலைன்னா ஹைகோர்ட்டுக்கு வாங்கன்னு சொல்லிச்சு.

14-க்கு மேல போனா இந்தப் பிடி நழுவிடுது. 1993 உன்னிகிருஷ்ணன் தீர்ப்புலயே சொல்லிட்டாங்க, 14 வரைக்கும் உரிமை, அதுக்கு மேல அரசாங்கத்தோட பொருளாதார சக்தியப் பொறுத்ததுன்னு. மதம், இனம், சாதி, மொழியக் காட்டி அரசு பள்ளிகள்ல சேர்க்கை மறுக்கக் கூடாதுன்னு சொல்ற அரசியல் சட்டம் 29(2) "எந்தக் குடிமகனுக்கும்"னு தான் ஆரம்பிக்குது, வெளிநாட்டுப் புள்ளைக்கு அது உதவாது. அப்பறம் மிச்சம் இருக்கறது அரசியல் சட்டத்துல சமத்துவம் பத்தின 14-ஆவது ஷரத்து, அது எந்த "நபருக்கும்" பொருந்தும். அத வெச்சு வாதாடலாம், ஆனா ஒரு வாட்ச்மேன் ஹைகோர்ட்டுல வாதாடிட்டு இருக்கறதுக்குள்ள பொண்ணுக்கு கல்யாண வயசு வந்துடும்.

தமிழ்நாட்டுல 12 வரைக்கும் ஃப்ரீயா குடுக்கறோம்ங்கறது நம்ம அரசு எடுத்த முடிவு, பெருமையான முடிவு. அதுல வெளிநாட்டுப் புள்ளைக்கு என்னன்னு ஒரு அரசாணை, நாலு வரி போட்டாப் போதும். 1992-ல இந்தியா ஏத்துக்கிட்ட ஐ.நா. குழந்தை உரிமை ஒப்பந்தம் 28-ஆவது ஷரத்துலயே செகண்டரி படிப்பு எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கற மாதிரி செய்யணும்னு இருக்கு, புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

சூரமங்கலம் அண்ணன் சொன்ன கும்பல் பயத்துக்கு: எட்டாவது வரைக்கும் இத்தன வருஷமா கதவு தொறந்து தான் இருக்கு. படிக்கறதுக்காக யாரும் எல்லை தாண்டி வரல. பொழப்புக்கு வர்றாங்க, உசிருக்கு பயந்து வர்றாங்க, புள்ளை கூட வருது.

நாகியம்பட்டி:
இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். நான் கேம்ப் பையன், இலங்கைத் தமிழ் அகதிங்க முகாம். பேரு ஊரு எல்லாம் கேக்காதீங்க.

எங்கப்பா அம்மா 1990-ல போட்டுல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல வெச்சிருந்து அப்பறம் சேலம் ஜில்லாவுக்கு அனுப்பினாங்க. நான் இங்க தான் பொறந்தேன், ஆத்தூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில. ஒண்ணாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல். சத்தியமா சொல்றேன், ஸ்கூல்ல எந்த வாத்தியாரும் என்ன வேற மாதிரி பாத்ததில்ல. புக்கு குடுத்தாங்க, சத்துணவு போட்டாங்க, சைக்கிள் குடுத்தாங்க. அந்த சைக்கிள் இன்னும் வீட்டுல இருக்கு, தங்கச்சி ஓட்டுது. இந்த மண்ணு எனக்கு சோறு போட்டுச்சு, அத நான் எங்கயும் சொல்வேன்.

ஆனா பன்னெண்டாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு தான் நான் வெளிநாட்டுக்காரன்னு தெரிஞ்சுது. அது வரைக்கும் மாசா மாசம் பணக்கொடை வாங்கறப்ப, கியூ பிராஞ்ச் போலீஸ் ரோல்கால் எடுக்கறப்ப தெரியும், ஆனா அது பெரியவங்க சமாச்சாரம்னு இருந்தேன். மெடிக்கல் கவுன்சிலிங்குக்கு இந்தியக் குடியுரிமை வேணும். எங்க கிளாஸ் பசங்க ரெண்டு பேரு நீட்டுக்கு படிச்சாங்க, நான் அவங்களுக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தேன், நான் எழுதல, எழுதி என்ன பண்றது. 2020-ல கவர்மெண்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்துச்சு, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணும்ங்கறாங்க, நான் படிச்சிருக்கேன், ஆனா எனக்கு இல்ல. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல எங்கள எடுத்துக்கறாங்க, ஓப்பன்ல தான், சாதிச் சான்றிதழ் கிடையாதுல்ல. அப்படித்தான் சேந்து படிச்சு முடிச்சேன்.

2021-ல மொதலமைச்சர் சட்டசபையில 317 கோடிக்கு அறிவிச்சாரு. கேம்ப்புக்கு புது வீடு, படிப்புக்கு உதவித்தொகை ஏத்தினாங்க, இன்ஜினியரிங் போற முதல் 50 பேருக்கு முழு செலவும் அரசே ஏத்துக்கும்னாங்க, அகதிகள் முகாம்ங்கற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. நல்ல காரியம், எங்க அம்மா அன்னிக்கு அழுதுச்சு. ஆனா டிகிரி முடிச்சுட்டு கவர்மெண்ட் பரீட்சை எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது, கம்பெனியில பேக்ரவுண்ட் செக்ல கேம்ப்னு வந்தா ஹெச்.ஆர். போன எடுக்க மாட்டாங்க. என் கூட பி.இ. முடிச்ச கேம்ப் அண்ணன் கோயம்புத்தூர்ல பெயிண்ட் அடிக்கறாரு. எங்க கேம்ப்ல பாதி ஆம்பளைங்க பெயிண்டர் தான். இப்ப எட்டாவது ஒம்பதாவது படிக்கற பசங்க அத பாத்துட்டு "படிச்சா மட்டும் என்ன பண்ணப் போறோம், இப்பவே போனா தினக்கூலி கைக்கு வரும்"னு சொல்லிட்டு நின்னுடறாங்க. நானும் ட்யூஷன் எடுக்கறேன், அவனுங்க கேக்கற கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல.

சூரமங்கலம் அண்ணா, உங்க மேல கோவம் இல்ல. நீங்க எம் மேல கோவமா எழுதலன்னும் தெரியும். ஆனா வரின்னு சொன்னீங்கல்ல, எங்கப்பா முப்பது வருஷமா இந்த ஊருல கூலி வேல பாத்து அரிசி, சோப்பு, பஸ் டிக்கெட்னு எல்லாத்துக்கும் வரி கட்டிட்டு தான் இருக்காரு.

சூரமங்கலம்காரன்:
தம்பி, உன் எழுத்த படிச்சு மனசு கனமா போச்சு. இங்கயே பொறந்த உனக்கு குடியுரிமை இல்லைங்கறது எனக்கு ஒப்பல. நான் நெனச்சுகிட்டு இருந்தது வேற ஆளுங்கள. இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன், எங்க தெருவுல வெள்ளிப் பட்டறையில கூலிக்கு கொலுசுக்கு பத்த வைக்கறவரு பொண்ணு, கவர்மெண்ட் ஸ்கூல், 7.5-லயே கொஞ்சத்துல மெடிக்கல் சீட்டு போச்சு. வருஷம் பூரா அந்தப் பொண்ணு பட்ட பாடு எனக்குத் தெரியும். உனக்கு குடுக்கற சீட்டு அந்தப் பொண்ணோட சீட்டா இருந்தா நான் என்ன சொல்லட்டும் அவங்கப்பன்கிட்ட?

ஏற்காடு டீச்சர்:
சார், நேர்மையான கேள்வி இது, நேராவே பதில் சொல்றேன். அந்தப் பொண்ணு சீட்டுல யாரும் கை வைக்க வேண்டாம். இருக்கற சீட்டுக்கு மேல கூடுதலா சில இடம் கேப்போம். இது நடக்காத விஷயமும் இல்ல, 1991-க்கு முன்னாடி காலேஜ்ல அகதிப் புள்ளைங்களுக்கு தனியா இடம் வெச்சிருந்தாங்க. ராஜீவ் காந்தி கொலைக்கு அப்பறம் எடுத்துட்டாங்க, பண்ணாத தப்புக்கு அந்த வருஷம் பன்னெண்டாவது முடிச்ச புள்ளைங்க தண்டனை அனுபவிச்சுதுங்க. தமிழ்நாடு பூரா நூத்துக்கு மேல முகாம், உள்ள இருக்கறவங்க எல்லாம் சேத்து 60 ஆயிரத்துக்கும் கம்மி. அதுல வருஷா வருஷம் பன்னெண்டாவது முடிக்கறது எத்தன புள்ளைங்க இருந்துடப் போவுது? ஏழு கோடிக்கு மேல ஜனம் உள்ள ஸ்டேட்டுக்கு இது சுமையே இல்ல.

இன்னொண்ணு சொல்றேன். ஒரு புள்ளைக்கு பன்னெண்டு வருஷம் அரசாங்கம் செலவு பண்ணி படிக்க வெச்சுட்டு கடைசியில கதவ சாத்தறது, நாத்து நட்டு தண்ணி பாய்ச்சி கதிர் வந்தப்பறம் அறுக்காம விடற மாதிரி. நஷ்டம் அந்தப் புள்ளைக்கு மட்டுமில்ல, செலவு பண்ண நம்ம வரிப்பணத்துக்கும் தான். நீங்க வரிப்பணம்னு பேசறீங்கல்ல, அந்தக் கணக்குலயே நான் பேசறேன்.

மட்டுறுத்துனர்:
இழை நல்லா போவுது, நன்றி. ஒரு வேண்டுகோள்: புள்ளைங்க பேரு, ஸ்கூல் பேரு, முகாம்ல வீட்டு அடையாளம் எதுவும் யாரும் போடாதீங்க. ஒரு பதிவுல இருந்தத நீக்கியிருக்கேன்.

தாரமங்கலம் அக்கா:
நான் பவளத்தானூர் கேம்ப் பக்கத்துல தான் குடியிருக்கேன். அங்க புள்ளைங்களுக்கு சாயங்காலம் ட்யூஷன் எடுக்கறவங்கள பாத்திருக்கேன், எல்லாம் அதே கேம்ப்ல படிச்சு வந்த புள்ளைங்க தான். 1984-ல சந்திரகாசன் ஆரம்பிச்ச ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த மாதிரி வேலைய அப்ப இருந்தே பண்ணிட்டு வருது. தம்பி, உங்க கேம்ப்லயும் அவங்க இருந்தா சின்னப் பசங்கள அங்க சேத்து விடுங்க. ஒம்பதாவதுல நிக்கற பையன தனியா நீங்க மட்டும் புடிச்சு இழுக்க முடியாது.

கோர்ட் ரோடு:
நாகியம்பட்டி தம்பிக்கு ஒரு விவரம். குடியுரிமை சட்டப்படி 1950 ஜனவரி 26-ல இருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரைக்கும் இந்தியாவுல பொறந்தவங்க பொறப்பாலயே இந்தியர், அப்பா அம்மா யாருன்னு பாக்க மாட்டாங்க. மண்டபம் முகாம்ல 1986-ல பொறந்த ஒரு பொண்ணுக்கு 2022-ல ஹைகோர்ட் மதுரை கிளை பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லிச்சு, அந்தப் பொண்ணு 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டுச்சு. உங்க கேம்ப்ல அந்த தேதிக்கு முன்னாடி பொறந்தவங்க யாராச்சும் இருந்தா பொறப்பு சான்றிதழோட வரச் சொல்லுங்க. அவங்க புள்ளைங்களுக்கும் அதனால வழி பொறக்கலாம், ஆனா 2004 டிசம்பர் 3-க்கு அப்பறம் பொறந்த புள்ளைன்னா அப்பா அம்மா ரெண்டு பேரு நிலையையும் பாப்பாங்க, அத ஒவ்வொரு கேஸா பாக்கணும். 2019 குடியுரிமை திருத்தத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு தான் இருக்கு, இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு போட்ட விலக்கு ஆணையில, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர் மேல பாஸ்போர்ட் விசா இல்லைன்னு தண்டனை நடவடிக்கை கிடையாதுன்னு வந்திருக்கு. தங்கறதுக்கு பயம் தீந்துது, படிப்புக்கும் வேலைக்கும் அது எதுவும் சொல்லல.

டீச்சருக்கு: அந்தப் பொண்ணோட அட்மிஷன் ரிஜிஸ்டர்லயும் டி.சி.லயும் தேசிய இனம்னு ஒரு காலம் வருமே, அத இப்பவே சரியா எழுதச் சொல்லுங்க. நெறய எடத்துல கிளார்க் வழக்கப்படி இந்தியன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. பத்தாவது முடிச்சு டி.சி. கைக்கு வந்தப்பறம் அது பொய்த் தகவல்னு யாராவது கெளப்பினா புள்ளை தலையில விழும்.

ஏற்காடு டீச்சர்:
சார் நல்லவேளை சொன்னீங்க. நாளைக்கே ரிஜிஸ்டர எடுத்துப் பாக்கறேன்.

கன்னங்குறிச்சிக்காரன்:
நான் ஆரம்பிச்சது எம் பையன் விஷயத்துக்கு. ஏஜென்ட்ட போயி பாத்து முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பையன் இங்கயே கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒம்பதாவது போறான். அந்த ஸ்கூல்ல கேம்ப் புள்ளைங்களும் படிக்குதுங்க. டீச்சர், மனு ஏதாச்சும் எழுதறதா இருந்தா என் கையெழுத்தும் சேத்துக்கோங்க.

ஏற்காடு டீச்சர்:
எழுதிட்டோம்ங்க. கோர்ட் ரோடு சார் பாத்துத் திருத்திக் குடுத்தாரு. ரெண்டே பக்கம். கேக்கறது இது தான்: ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் எந்த நாட்டுப் புள்ளையா இருந்தாலும், குடும்பம் இந்த ஜில்லாவுல குடியிருந்தா சேக்கணும்னு எழுத்துல ஒரு உத்தரவு. வெளிநாட்டு மார்க் ஷீட்ட யாரு சரிபாக்கணும், எத்தன நாளுக்குள்ளன்னு அதுலயே சொல்லணும், அது வரைக்கும் புள்ளை கிளாஸ்ல ஒக்காந்திருக்கணும். எட்டாவதுக்கு மேல புதுசா வர்ற புள்ளைக்கு தமிழ் தாளுக்கு ரெண்டு வருஷ அவகாசமும் தனி வகுப்பும். முகாம் புள்ளைங்களுக்கு மெடிக்கல், அக்ரி, வெட்னரி எல்லாத்துலயும் கூடுதல் இடம், 7.5-ல கை வைக்காம.

கடைசி ரெண்டும் கலெக்டர் கையில இல்ல, சென்னைக்கு தான் போகணும், அதனால அதுக்கு தனியா ஒரு நகல் போட்டிருக்கோம். திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுக்கறோம். காலையில பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல. ஆதார் நகல் கொண்டாங்க, டோக்கன் போடறப்ப கேப்பாங்க. நாகியம்பட்டி தம்பி, நீங்க வர வேண்டாம், உங்க கையெழுத்தும் வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்.

நாகியம்பட்டி:
இல்ல டீச்சர், வர்றேன்.

சூரமங்கலம்காரன்:
மனுவ முழுசா படிச்சேன். தமிழ் தாள் அவகாசம் ரெண்டு வருஷம்ங்கறது எனக்கு ஒப்பல, ஒரு வருஷம் போதும், அத நேர்ல பேசிக்கலாம். 7.5-ல கை வைக்காமன்னு தெளிவா இருக்கறதால மத்ததுக்கு கையெழுத்து போடறேன். எங்க ஸ்கூல் வராந்தா பெஞ்ச் விஷயத்துக்கும் தனியா ஒரு மனு கொண்டாறேன், அதுல நீங்க எல்லாரும் போடணும். ஜங்ஷன்ல இருந்து வர்றேன், யாருக்காவது வண்டி வேணும்னா சொல்லுங்க, பின்னாடி ஒரு ஆளு ஒக்காரலாம்.